'கவனக்குறைவு'னு எழுதுறதுக்கு முன்னாடி

சைட் விசிட் போன எல்லோரும் அந்த போர்டைப் பார்த்திருப்பீங்க. கேட்டுக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்துல, 'பாதுகாப்பே முதன்மை'. கீழே ஹெல்மெட், ஷூ, ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட், சேஃப்டி பெல்ட் படம். உடம்புல மாட்டுற எல்லாத்துக்கும் படம் இருக்கும். மாட்டிக்கிட்டு நிக்கிற ஆளோட தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு கேட்க அந்த போர்டுல இடம் இல்லை.

'மனநலம்'னு சொன்னதும் மோட்டிவேஷன் ஸ்பீச்சும் யோகா டே போட்டோவும் ஞாபகத்துக்கு வந்தா, கொஞ்சம் பொறுங்க. நான் பேசப்போறது சாரத்து மேல ஒரு கால் தவறுறதைப் பற்றி.

விபத்து நடந்ததும் ரிப்போர்ட்ல 'காரணம்' என்ற கட்டத்துல சுலபமா எழுதிட முடிகிற ஒரு வார்த்தை உண்டு: தொழிலாளியின் கவனக்குறைவு. அது பொய் இல்லை. ஆனா 'பீம் ஏன் உடைஞ்சது?'ன்னு கேட்டா 'லோடு தாங்கல'ன்னு எழுதுற மாதிரி. ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்ல அப்படி எழுதினா மார்க் கிடைக்குமா? லோடு எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, ஏன் தாங்கலன்னு கேட்பாங்க. கவனத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

முதல்ல, கன்ஸ்ட்ரக்ஷன்ல கவனம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஃபேக்டரியில மெஷின் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். சைட் அப்படி இல்லை. நேற்று நடந்து போன ஸ்லாபில் இன்று டக்ட்டுக்காக ஓட்டை விட்டிருப்பாங்க. நேற்று இருந்த சாரப் பலகையை வேற பக்கம் கழட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க. தினமும் காலையில அந்த இடத்தைப் புதுசா படிக்கணும். மைக்கா எண்ட்ஸ்லி என்ற ஆராய்ச்சியாளர் 1995-ல் இந்தப் 'படித்தலை' மூணு படியா பிரிச்சார்: கண்ணில் படுவது, அதன் அர்த்தம் புரிவது, அடுத்து என்ன நடக்கும்னு கணிப்பது. டவர் கிரேன்ல கம்பிக்கட்டு வருதுன்னு பார்க்கிறது முதல் படி. அது என் பக்கம்தான் திரும்புதுன்னு புரியிறது ரெண்டாவது. பத்து செகண்ட்ல நான் நிக்கிற இடத்துக்கு மேல இருக்கும், நகரணும்னு தோணுறது மூணாவது. மனசு ஊர்ல இருக்கும்போது முதல் படி நடக்கும். கண்ணு பார்க்கும். மீதி ரெண்டும் நடக்காமலே போகலாம்.

மனசை ஊருக்கு இழுக்கிற விஷயங்கள்ல பணம் முக்கியமானது. இதுக்கு நல்ல ஆதாரம் நம்ம மாநிலத்திலிருந்தே இருக்கு. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுக்காக செந்தில் முல்லைநாதனும் உடன் இருந்தவர்களும் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன்னால், அதாவது கை காலியா இருந்தபோது, சில யோசனைத் தேர்வுகள் வைத்தார்கள். அறுவடை முடிஞ்சு பணம் வந்த பிறகு மறுபடியும் வைத்தார்கள். அதே ஆட்கள்தான். ஆனா பணத்தட்டுப்பாட்டு நாட்கள்ல மதிப்பெண் குறைவு, பிழை அதிகம். கவலை மூளையில இடத்தை அடைச்சுக்குது, மிச்ச இடத்துல வேலை ஓடுது. ரேம் ஃபுல்லான லேப்டாப் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

பிறகு ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கிற தொழிலாளர்களிடம் இன்னொரு சோதனை நடந்தது. சிலருக்கு மட்டும் கூலியின் ஒரு பகுதியைச் சில நாள் முன்னாடியே கொடுத்தாங்க. கூலி ரேட் மாறலை, வேலையும் மாறலை. முன்னாடியே பணம் வாங்கினவங்க அதிகத் தட்டு தைச்சாங்க, கவனப் பிழைகளும் குறைஞ்சது. இலைத்தட்டுல கவனப் பிழைன்னா கூட ஒரு ஓட்டை. பன்னிரண்டாவது மாடியில கவனப் பிழைன்னா ஹூக்கை லைஃப்லைன்ல மாட்டாம விடுறது.

இப்போ நம்ம சைட்டுக்கு வாங்க. கம்பெனி, கான்ட்ராக்டர், சப் கான்ட்ராக்டர், மேஸ்திரி, அதுக்கப்புறம்தான் தொழிலாளி. மேலே ஒரு ஆர்ஏ பில் பாஸாகத் தாமதமானா, அந்தத் தாமதம் படியிறங்கி, ஊர்ல வட்டி கட்டக் காத்திருக்கிற ஒரு வீட்ல போய் முடியுது. அந்த பில்லுக்கான மெஷர்மென்ட்டை எம்-புக்ல எழுதி கையெழுத்து போடுறது யாரு? அடுத்த வருஷம் நாமதான். 'திங்கட்கிழமை பார்த்துக்கலாம்'னு டேபிள்ல கிடக்கிற எம்-புக்கும் ஒரு சேஃப்டி விஷயம்னு எந்த டூல்பாக்ஸ் டாக்லயும் சொல்றதில்லை.

அடுத்தது தூக்கம். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழிச்சிருக்கிறவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு இறங்கிடுதுன்னு 2000-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். காலையில 5 மணிக்கு எழுந்தவரை ஸ்லாப் கான்கிரீட்டுக்காக நடுராத்திரி வரை நிறுத்தினா 19 மணி நேரம். அந்த நிலையில இருக்கிறவர் கையில ஸ்டியரிங் கொடுக்க மாட்டோம், வைப்ரேட்டரைக் கொடுப்போம்.

'ராத்திரி சீக்கிரம் தூங்கச் சொல்லலாமே'ன்னு தோணுதா? சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2021-ல் வெளியானது. அவங்க படுக்கையில இருந்தது சுமார் எட்டு மணி நேரம், தூங்கினது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, சத்தம். இதுல சுவாரஸ்யமான திருப்பம் என்னன்னா, கண் மறைப்பு, காதடைப்பான் எல்லாம் கொடுத்து ராத்திரித் தூக்கத்தை அரை மணி நேரம் கிட்ட கூட்டியும் வேலையில பெரிசா மாற்றம் தெரியலை. மதியம் வேலையிடத்திலேயே குட்டித்தூக்கம் போட விட்டப்போதான் வேலையும் மனநிலையும் மேம்பட்டது. அவங்க செய்தது டேட்டா என்ட்ரி, கொத்து வேலை இல்லை என்பதையும் சொல்லிடறேன். இருந்தாலும், தகரக் கூரை லேபர் கேம்ப்ல மே மாச ராத்திரியைக் கழிச்ச ஒருத்தர் மதியம் சிமெண்ட் மூட்டை மேல சாய்ஞ்சு கண்ணை மூடினா விரட்டாதீங்க. முடிஞ்சா ஒரு நிழல் ஷெட் போட்டுக் கொடுங்க.

சித்தாள் அக்காக்களைப் பற்றித் தனியா சொல்லணும். மணல் குவியல் பக்கத்துல குழந்தையை விட்டுட்டு தலையில சட்டியோட படியேறுறவங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க. அந்தப் பார்வை எங்கிருந்து எடுக்கப்படுது? காலடியிலிருந்து. 1996-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும்னு சொன்னது. பத்து பெண்கள் இருக்கிற அபார்ட்மெண்ட் சைட் அந்தக் கணக்குல வரவே இல்லை. பத்து அம்மாக்களோட கவனம் பாதியா பிரியுறது மட்டும் வரும்.

ஆண்கள் பக்கம் வேற ஒரு சிக்கல்: பேசுறதே இல்லை. இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரையிலான அரசுப் புள்ளிவிவரப்படி, கட்டுமானத்தில் கீழ்நிலை வேலை செய்யும் ஆண்களிடம் தற்கொலை ஆபத்து அந்நாட்டு ஆண்களின் சராசரியைப் போல 3.7 மடங்கு. நம்ம நாட்டில் 2021 தேசியக் குற்ற ஆவணப் பதிவுகளில் தற்கொலையால் இறந்தவர்களில் சுமார் நாலில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. அந்தக் கணக்கு எல்லாத் தினக்கூலி வேலைகளையும் சேர்த்தது, ஆனா கட்டுமானமும் அதுக்குள்ளதான். விழுந்து அடிபடுறதைத் தடுக்க வலை கட்டுறோம். இதுக்கு என்ன கட்டுறோம்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008-ல் தொடங்கிய 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன்' அமைப்பின் வழி எனக்குப் பிடிச்சது. டாக்டரை சைட்டுக்குக் கூட்டிட்டு வரலை. தொழிலாளர்கள்லயே சிலருக்குப் பயிற்சி கொடுத்தாங்க: யாராவது ஒடிஞ்சு போயிருந்தா கவனிக்கணும், கேட்கணும், உதவி கிடைக்கிற இடத்தோட இணைச்சு விடணும். அவங்க ஹெல்மெட்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், யார்கிட்ட போய்ப் பேசலாம்னு தெரியும். மேனேஜர்கிட்ட சொல்லாததை, கூட கம்பி கட்டுற ஆள்கிட்ட சொல்வாங்க.

இங்கே அதைச் செய்ய முதல் தடை மொழி. நான் இன்டர்ன்ஷிப் போன சைட்ல பாதிப் பேருக்கு மேல ஒடியா, வங்காளம் பேசுறவங்க. டூல்பாக்ஸ் டாக் தமிழும் இங்கிலீஷும் கலந்து நடந்தது. எல்லாரும் தலையாட்டினாங்க. ஹார்னஸ் மாட்டுறதே இப்படின்னா, 'நாலு நாளா தூக்கம் வரலை'ன்னு ஒருத்தர் எந்த மொழியில யார்கிட்ட சொல்வார்? சொன்னாலும், 'உடம்பு முடியலைன்னா இன்னிக்கு கூலி கட்'னு பதில் வந்தா அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டார். மயிரிழையில தப்பின சம்பவங்களும் இதே காரணத்தாலதான் ரிப்போர்ட் ஆகாமப் போகுது.

சைட்ல வேலைக்குச் சேர்ந்ததும் செலவில்லாம ஒண்ணு செய்யலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபர்ல தொடங்கினது, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. தமிழ், இந்தி, வங்காளம், ஒடியா எல்லாத்துலயும் பேசலாம். நாலு மொழியிலயும் ஒரு ஏ4 ஷீட்ல பிரின்ட் எடுத்து ஒட்டிடுங்க. ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல வேண்டாம், அங்கே யாரும் வர்றதில்லை. போன் சார்ஜ் போடுற பிளக் பாயின்ட் பக்கத்துல ஒட்டுங்க. ராத்திரி வீட்டுக்குப் பேசிட்டு போனை வைக்கிறது அங்கேதான்.