மணியையும் எண்ண வேண்டும், வெண்பாவும் பாட வேண்டும்

பிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. ரமணர் அண்ணாமலையின் விரூபாட்ச குகையில் இருந்த காலம், 1914 வாக்கில். உடனிருந்த சாதுக்கள் மலையிலிருந்து இறங்கி, சங்கு ஊதி, ஊர்த் தெருக்களில் சோறு வாங்கி வருவார்கள். வாசலில் நிற்பது குகையிலிருந்து வந்தவர்தானா, வேறு யாராவதா என்று வீட்டுக்காரர்களுக்குக் குரலைக் கேட்டே தெரிய வேண்டும். ‘எங்களுக்கென்று தனியாக ஒரு பாட்டு’ என்று அவர்கள் கேட்டதிலிருந்து வந்ததுதான் அருணாசல அட்சரமணமாலை. இன்று ரமணாசிரமத்திலும் கிரிவலப் பாதையிலும் பக்திப் பாட்டாக ஒலிப்பது, முதலில் தெருவில் நடந்துகொண்டே பாடுவதற்காக எழுதப்பட்டது.

அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். 108 கண்ணிகள், ஒவ்வொன்றும் இரண்டே அடி. முதலெழுத்துகள் அகரவரிசையில் போகின்றன. கையில் பாத்திரம், காலடியில் வெயில், எதிரே ஒரு நாய், நடுவில் “நில்லுங்க சாமி” என்று ஒரு குரல். பாட்டு அறுந்துபோகும். எங்கே விட்டோம்? ‘கீ’யில் விட்டிருந்தால் அடுத்து ‘கு’. வரிசையைத் தேட வேண்டியதில்லை, எழுத்தே கைபிடித்துக் கூட்டிப்போகும்.

இன்னொன்றும் ரமணர் செய்தார். 1928-ல் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ தனித்தனி வெண்பாக்களால் ஆனது. சேர்ந்து பாராயணம் செய்யும்போது ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எது என்று தடுமாற்றம் வரும். வெண்பாவின் ஈற்றடியில் மூன்றே சீர், அதிலும் கடைசிச் சீர் குட்டை. அந்தக் காலி இடத்தில் ஒன்றரைச் சீரை வைத்து, ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு முடிந்து, எல்லாவற்றையும் ஒரே கலிவெண்பாவாக்கிவிட்டார். ரயில் பெட்டிகளுக்கு இடையே கொக்கி மாட்டுகிற வேலைதான். கொக்கி மாட்டிய இந்த வடிவம்தான் ஆசிரமத்தின் தமிழ்ப் பாராயணத்தில் ஓதப்படுகிறது.

செய்யுள் என்பதை நாம் அழகுக்கான ஆடை என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அது முதலில் ஒரு நினைவுக் கருவி. அந்தக் கருவியை அதன் முழு வேகத்தில், ஊர் பார்க்க, மேடையில் ஓட்டிக் காட்டும் கலைக்கு அவதானம் என்று பெயர். தமிழில் கவனகம்.

மேடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் எட்டுப் பேர். ஒருவர் ஈற்றடி கொடுத்து “இதற்கு வெண்பா” என்பார். ஒருவர் நாலைந்து சொற்களைத் தந்து, அவையெல்லாம் வரும்படி பாட்டுக் கேட்பார். ஒருவர் பெரிய பெருக்கல் கணக்கு, ஒருவர் ஏதோ ஒரு தேதிக்குக் கிழமை. ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்திவிட்டுக் காத்திருப்பார். பின்னாலிருந்து ஒருவர் முதுகில் பூவோ நெல்லோ எறிவார், ஒருவர் அவ்வப்போது மணி அடிப்பார். கடைசியில் இரண்டின் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். மிச்சமிருப்பவர் ஒருவர், இருப்பதிலேயே பொல்லாதவர். சம்பந்தமில்லாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது மட்டும்தான் அவர் வேலை. எட்டு என்றால் அட்டாவதானம், பத்து தசாவதானம், நூறு சதாவதானம். எண்கவனகம், பதின்கவனகம், நூற்றுக்கவனகம் என்று தமிழில் அழகாகச் சொல்லலாம்.

திருவண்ணாமலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரமணருக்கு ‘பகவான் ரமண மகரிஷி’ என்று பெயர் சூட்டிய கணபதி முனிவர் ஆசுகவி, அவதானக் கலையில் தேர்ந்தவர். 1878-ல் ஆந்திரத்தில் பொப்பிலிப் பக்கம் பிறந்தார். 1900-ல் வங்காளத்து நவத்வீபத்தில் பண்டிதர் சபை ஒன்றில், சமஸ்யை எனப்படும் அரைகுறை அடிகளை நின்ற இடத்தில் செய்யுளாக நிரப்பிக் காட்டி, ‘காவ்யகண்டர்’ பட்டம் வாங்கினார். கவிதையைத் தொண்டையிலேயே வைத்திருப்பவர் என்று பொருள் கொள்ளலாம். பின்பு வேலூரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு வந்து, 1907 நவம்பர் 18 அன்று விரூபாட்ச குகையில் ரமணரைப் பார்த்தார். அடுத்த சில நாட்களில் ‘உமாசஹஸ்ரம்’ எழுதத் தொடங்கினார். வடமொழியில் ஆயிரம் செய்யுள், இருபதே நாள் கெடு. கடைசி இரவில் இன்னும் நிறைய மிச்சம். சீடர்களைச் சுற்றி உட்காரவைத்து, ஒரே வேளையில் ஆளுக்கொரு செய்யுளாகச் சொல்லி எழுதவைத்து முடித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பக்தர்கள் அதை அருள் என்பார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஓர் அவதானியின் கண்ணுக்கு அதில் தெரிந்த வித்தையும் இருக்கிறது.

வித்தை இதுதான். நூறு பேர் பாட்டுக் கேட்டால், முதல் ஆளின் பாட்டை முழுதாக முடித்துவிட்டு இரண்டாம் ஆளிடம் போவதில்லை. முதல் சுற்றில் நூறு பேருக்கும் முதலடி மட்டும். இரண்டாம் சுற்றில் இரண்டாமடி. நாலு சுற்று முடிந்தால் நானூறு அடி. பிறகுதான் உச்சகட்டமான தாரணை வரும். நூறு பாட்டையும் முதலிலிருந்து, யார் ஏட்டையும் பார்க்காமல், வரிசையாக ஒப்பிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நூறு வேலை என்று கூட்டம் வாய் பிளக்கும். உண்மையில் ஒரு நேரத்தில் ஒரே வேலைதான். அதை விட்ட இடத்தில் விட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் எடுக்கத் தெரிவதுதான் கலை. பாத்திரம் ஏந்தியவருக்கு ‘கீ’க்குப் பின் ‘கு’ வந்த மாதிரி.

மனித மனம் ஒரு சமயத்தில் ஏறக்குறைய ஏழு பொருளைத்தான் பிடித்து வைத்திருக்கும், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-ல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். அவதானி அந்த எல்லையைத் தாண்டுவதில்லை, ஏமாற்றுகிறார். பதினைந்து சொற்களைத் தனித்தனியாக வைத்தால் சிந்திப்போகும். எதுகை மோனையோடு ஒரு வெண்பாவாகக் கட்டினால் அது ஒரே மூட்டை. மூட்டைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு முகம்.

மணி எண்ணுவதும் அப்படித்தான். அவர் மணியைக் காதில் வைத்துக்கொண்டே இருப்பதில்லை. மணி அடிக்கும்போது மட்டும் எட்டிப் பார்த்து, மொத்தத்தோடு கூட்டி, அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பாட்டுக்குத் திரும்புகிறார். எண்ணுவதற்கு விரல் கணுக்களும் துணை.

கிழமைக் கணக்கு இன்னும் எளிது, யாரும் கற்கலாம். கணபதி முனிவர் குகைக்குப் போன நாளையே எடுத்துக்கொள்வோம். 1900 சனவரி 1 திங்கள். சாதாரண ஆண்டு ஒன்று கழிந்தால் கிழமை ஒன்று நகரும். ஏழு ஆண்டுக்கு ஏழு, நடுவில் 1904 லீப் ஆண்டு என்பதால் இன்னொன்று, ஆக எட்டு. ஏழைக் கழித்தால் மிச்சம் ஒன்று. எனவே 1907 சனவரி 1 செவ்வாய். அங்கிருந்து நவம்பர் 18 வரை 321 நாள். ஏழால் வகுத்தால் மிச்சம் ஆறு. செவ்வாயிலிருந்து ஆறு நாள் தள்ளினால் திங்கள். கார்த்திகைச் சோமவாரம்! மேடையில் 321 என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு மிச்ச எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் போதும்.

கடினமானது ஈற்றடிதான். நூற்றாண்டுகளாகத் தமிழ்ப் புலவர்கள் ஒருவரையொருவர் மடக்கப் பயன்படுத்திய பொறி அது. வெளியிலிருந்து பார்த்தால் விதிகள் புலவனின் கையைக் கட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் அவைதான் வழி காட்டுகின்றன. ஈற்றடி கையில் வந்ததும் புலவர் பின்னோக்கிக் கட்டுகிறார். ஈற்றடி நிரையசையில் (‘மலை’ போல) தொடங்கினால் அதற்கு முந்தைய சீர், நேரில் முடியும் ஈரசைச் சீரான மாச்சீராக வேண்டும். நேரசையில் (‘சுற்’ போல) தொடங்கினால், நிரையில் முடியும் ஈரசை விளச்சீரோ, நேரில் முடியும் மூவசைக் காய்ச்சீரோ. ஈற்றடியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து என்னவோ, அதே எதுகை மூன்றாம் அடியின் முதல் சொல்லிலும் வர வேண்டும். மொழியிலுள்ள ஆயிரக்கணக்கான சொற்களில் தேட வேண்டியிருந்தது இப்போது ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது.

இதற்குப் பேர்போன கதை சதாவதானி செய்குத்தம்பிப் பாவலருடையது. நாகர்கோவில் கோட்டாறு இடலாக்குடிக்காரர், 1874-ல் பிறந்தவர். கணபதி முனிவர் அண்ணாமலைக்கு வந்த அதே 1907-ல், மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். பிற்காலத்தில், 2008-ல், அவருக்கு அஞ்சல்தலை வந்தது. ஒரு சபையில், இசுலாமியரான அவரைச் சீண்டிப் பார்க்க, துருக்கனுக்கு ராமன்தான் துணை என்று பொருள்படும் ஓர் ஈற்றடியை யாரோ நீட்டினார்களாம். பாவலர் முந்தைய அடியின் கடைசியில் ‘சத்’ என்று ஓர் அசையை மட்டும் வைத்துவிட்டார். துருக்கன், சத்துருக்கன் ஆகிவிட்டான். தம்பிக்கு அண்ணன் துணை, அவ்வளவுதானே!

வழிவழியாகச் சொல்லப்படும் கதைதான். என்றாலும் யாப்பு தெரிந்தவர் இதில் இன்னொரு சுவையையும் காண்பார். ‘துருக்’ நிரையசை. அதற்கு முன் மாச்சீர் வர வேண்டும். மாச்சீர் நேரசையில்தான் முடியும். ‘சத்’ நேரசை. எதுகைக்கு வேண்டியது ரகர வருக்கம், பரதன் தயாராக வாசலில் நிற்கிறான். ஒரு சொல்லைச் சீருக்காக இரண்டாக வெட்டுவதற்கு வகையுளி என்று இலக்கணத்தில் பெயரே உண்டு. பாவலரின் சமயோசிதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது என்கிறேன்.

பாவலர் மட்டுமல்ல. ‘விநோதரசமஞ்சரி’ எழுதிய வீராசாமி செட்டியார் பெயருக்கு முன்னால் ‘அட்டாவதானம்’ என்றே எழுதுவார்கள். யாழ்ப்பாணத்துச் சதாவதானி நா. கதிரைவேற் பிள்ளை சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்தார். திரு.வி.க. அவருடைய மாணவர். குசராத்திலும் இது உண்டு. பம்பாயில் பத்தொன்பது வயதில் சதாவதானம் செய்து பேர் வாங்கிய ராஜசந்திரரைப் பற்றிக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தெலுங்கிலும் கன்னடத்திலும் அவதான மேடைகள் இன்றும் கூட்டம் சேர்க்கின்றன. தமிழில்தான் கவியரங்கமும் பட்டிமன்றமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

முழுதாக மறைந்துவிடவில்லை. பதின்கவனகர் பெ. இராமையா திருக்குறளை வைத்துக் கவனகம் செய்தார். அவர் மகன் கவனகர் இரா. கனகசுப்புரத்தினம் அதைப் பள்ளி மாணவர்களிடமும் கொண்டுபோனார். குறளுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் அந்த நூலே எண்ணிட்ட அலமாரி. 133 தட்டு, தட்டுக்குப் பத்து. “784” என்றால் கடைசி எண்ணைப் பிய்த்துவிடுங்கள்: 78 தட்டு முடிந்துவிட்டது, 79-ம் தட்டில் நாலாவது. 79 ‘நட்பு’. அதிகாரப் பெயர்களையும், அதிகாரத்துக்குப் பத்து முதற்சொற்களையும் ஆணியடித்த மாதிரி வைத்திருக்கும் பிள்ளை உடனே சொல்லிவிடும். 1,330 குறளும் ஒப்பிக்கும் மாணவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் பரிசு தருகிறது. எண் சொன்னால் குறள், அதிகாரம் சொன்னால் குறள் என்று அங்கும் சோதிக்கிறார்கள். ஆண்டுவிழா மேடையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படி நிற்கும்போது பெற்றோர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. பள்ளிக்குள் வரும்போது கவனகத்தில் பாதிதான் வந்தது. எண்ணுவது வந்தது, ஒப்பிப்பது வந்தது, பாட்டுக் கட்டுவது வரவில்லை. ‘நினைவாற்றல் பயிற்சி’ என்று பெயர் மாறி, மதிப்பெண்ணுக்கு உதவும் என்ற பரிந்துரையோடு அது வகுப்பறைக்குள் நுழைகிறது. பரிந்துரை பொய்யில்லை. ஆனால் பாவலரும் முனிவரும் செய்ததில் நினைவு என்பது குதிரை, ஏறி உட்கார்ந்திருந்தது கவிதை. இப்போது குதிரை மட்டும் ஓடுகிறது.

வெண்பா பிள்ளைகளுக்குக் கடினம் என்று சொல்லாதீர்கள். விதிகள் மூன்று விரலுக்குள் அடங்கும்: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். செல்பேசி விளையாட்டில் இதைவிடச் சிக்கலான விதிகளை அவர்கள் அரை நாளில் கற்றுக்கொள்கிறார்கள். ஓர் ஆசிரியர் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கரும்பலகையில் ஒரே ஓர் ஈற்றடி எழுதிப் போடலாம். ‘மலையைச் சுற்றும் மழை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையை: புளிமா. சுற்றும்: தேமா. மழை: மலர். மாவுக்குப் பின் நிரை வரவேண்டிய இடத்தில் ‘சுற்றும்’ நேரில் தொடங்குகிறது, தளை தட்டுகிறது. ‘மலையினைச் சுற்றும் மழை’ என்றால் கருவிளம், சரியாகிவிட்டது. இந்தத் திருத்தத்தைச் செய்யவே ஒரு வகுப்பு கூச்சல் போட்டுக் கலகலக்கும். அதற்குள் ஒருவன் மேசையில் ஸ்கேலால் தட்டிக்கொண்டிருக்கட்டும், இன்னொருத்தி எத்தனை தட்டு என்று எண்ணட்டும்.

செங்கம் சாலையில், ஆசிரம வாசலைத் தாண்டிக் கிரிவலம் போகிறவர்களுக்கு நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். மலையைச் சுற்றப் பதினாலு கிலோமீட்டர், நேரம் நிறைய இருக்கிறது. பாவலர் விக்டோரியா மண்டபத்தில் உட்கார்ந்த 1907 மார்ச் 10 என்ன கிழமை? தாள் எடுக்கக் கூடாது, செல்பேசி எடுக்கக் கூடாது, வழியில் எத்தனை கோயில் மணி கேட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.