தரையில் வீணாகும் தழைச்சத்து
தொழுவத்தில் கூளம் பரப்பினால் எருவும் கூடும், மாடும் நலம் பெறும்

பச்சைமலையின் கோம்பை, தென்புறநாடு, வண்ணாடு பகுதிகளிலும், அடிவாரத்தில் துறையூர், உப்பிலியபுரம் வட்டாரத்திலும் சிறு விவசாயிகள் பலர் மாடும் ஆடும் வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் மழைக்கு மேல்மண் கரைந்து ஓடுவதால், மரவள்ளிக்கும் சாமைக்கும் எரு இட்டே தீர வேண்டும். சாணத்தை வீணாக்காமல் அள்ளிச் சேர்க்கும் வழக்கம் எல்லோரிடமும் உண்டு. ஆனால் மூத்திரம் தரையில் ஊறியோ, சாக்கடையாக ஓடியோ போய்விடுகிறது.

மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் உள்ளன. சாணத்தில் மிகுந்திருப்பது மணிச்சத்து. ஆகவே சாணத்தை மட்டும் சேர்ப்பவர் பாதி எருவைத்தான் சேர்க்கிறார்.

கணக்குப் பார்த்தால்

ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 8 லிட்டர் மூத்திரம் பெய்கிறது. பகலில் மேய்ச்சலில் போவது போக, இரவில் தொழுவத்தில் 4 லிட்டர் விழுவதாகக் கொள்ளலாம். அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 40 கிராம். ஆண்டுக்கு இது 14 கிலோவுக்கு மேல். ஆவியாகப் போவது போகப் பாதியைப் பிடித்தாலும், அது 15 கிலோ யூரியாவுக்குச் சமம். மூன்று மாடு உள்ள வீட்டில் ஆண்டுக்கு 45 கிலோ மூட்டை ஒன்று மிச்சம். சாம்பல் சத்து தனி லாபம்.

வைக்கோலுக்கு எங்கே போவது?

உலர்ந்த வைக்கோல் தன் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு நீரை உறிஞ்சும். ஆனால் தின்னவே வைக்கோல் போதாத வீட்டில் அதைக் காலடியில் போடச் சொல்வது நியாயமில்லை. தீவனமாகாத பொருளைத்தான் தேட வேண்டும். மாடு தின்று கழித்த தட்டை, கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், பட்டா நிலத்து மரங்களின் காய்ந்த சருகு ஆகியவை ஏற்றவை. சோகையையும் தட்டையையும் சாண் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் அதிகம் உறிஞ்சும், விரைவில் மக்கும்.

தென்னை நார்க்கழிவு வைக்கோலைவிட அதிகம் உறிஞ்சும். மரத்தூளும் நல்லதே. ஆனால் ஈர மரத்தூளில் மடிநோய்க் கிருமிகள் பெருகும் என்பதால், கறவை மாட்டுக்கு நன்றாகக் காய்ந்த தூளையே போட வேண்டும். மருந்து பூசிய மரத்தின் தூள் எந்தக் கால்நடைக்கும் ஆகாது. நெல் உமி உறிஞ்சுவது குறைவு. பூஞ்சணம் பிடித்த எதையும் தொழுவத்துக்குள் கொண்டு வரக்கூடாது.

ஒன்றும் கிடைக்காத வீட்டிலும் மண் உண்டு. இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், மாட்டின் மூத்திரம் ஊறிய மண்ணையே கம்போஸ்டுக்குச் சேர்த்தார். காய்ந்த மண்ணைச் சலித்துத் தொழுவத்தில் அரை அடி கனத்துக்குப் பரப்பி, மேலே சருகைப் போடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஊறிய மண்ணை வெட்டி எருக்குழியில் சேர்த்துப் புதுமண் இட வேண்டும். களிமண் சேறாகும், செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் ஏற்றவை.

பராமரிப்பு முறை

தொழுவத்தின் தரை பின்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். காலையில் சாணத்தையும் நனைந்த கூளத்தையும் அள்ளிவிட்டு, உலர்ந்ததை ஓரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். மாலையில் அதைப் பரப்பி, அதன்மேல் புதுக்கூளம் சிறிது சேர்த்தால் போதும். முழுவதையும் தினமும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பிடி கூளத்தை எடுத்துப் பிழிந்து பார்க்கலாம். நீர் சொட்டினால் கூளம் போதவில்லை என்று பொருள். மாட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து பார்க்கும்போது கண் எரிந்தால், தழைச்சத்து ஆவியாகப் பறக்கிறது என்று அறியலாம்.

நாற்றம் போகச் சாம்பலோ சுண்ணாம்போ தூவுவது சிலர் வழக்கம். ஊறிய கூளத்தில் இவற்றைச் சேர்த்தால் தழைச்சத்து இன்னும் விரைவாக ஆவியாகிவிடும். சாம்பலை நேரே வயலில் இடுவதே நல்லது.

அள்ளிய கூளத்தை நிழலில் 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழியில் இட்டு, அவ்வப்போது மண் போட்டு மூட வேண்டும். மழைநீர் புகாதபடி சுற்றிலும் வரப்பு தேவை. மரத்தூளும் நார்க்கழிவும் மக்காமல் வயலுக்குப் போனால் மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். எனவே அவற்றைச் சாணத்துடன் கலந்து, நன்கு மக்கிக் கறுத்த பிறகே இட வேண்டும்.

ஆட்டுக்கும் குதிரைக்கும்

ஆட்டுக்கு ஈரம் ஆகாது. பரண் அமைத்து, அதன் கீழே மண்ணும் சருகும் பரப்பினால் புழுக்கையும் மூத்திரமும் ஒருங்கே சேரும்.

பழனி மலைப் பக்கம் போலச் சுமைக்குக் குதிரை, மட்டக்குதிரை வைத்திருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தூசும் பூஞ்சணமும் உள்ள கூளம் குதிரைக்கு இருமலையும் மூச்சுத் திணறலையும் தரும். ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். படுக்கையைத் தின்னும் குதிரைக்கு வயிற்றுவலி வரக்கூடும் என்பதால், அதற்குத் தூசில்லாத மரச்சீவல் நல்லது.

மாட்டுக்கும் உலர்ந்த படுக்கை நலம் தரும். சகதியில் படுக்கும் கறவை மாட்டுக்கு மடிநோய் வர வாய்ப்பு அதிகம். குளம்பிடுக்கிலும் புண் காணும். பால் குறைந்து, மருத்துவச் செலவும் சேர்ந்தால் கூளம் சேகரிக்கும் உழைப்பு பெரிதல்ல என்பது புரியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த சருகும் கிடைக்காது, காய்ந்த மண்ணும் கிடைக்காது. ஆவணி, புரட்டாசியிலேயே ஒரு மூலையில் கூரையின் கீழ் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் விவசாயிக்கு, அடுத்த பட்டத்துக்கு வேண்டிய எரு வீட்டிலேயே தயாராகும்.