‘மர்மர்’ ஏன் பயமுறுத்தல?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ‘மர்மர்’ படம் ஏன் நம்மளைப் பயமுறுத்தல?

ஹேம்நாத் நாராயணன் இயக்கத்துல 2025 மார்ச் 7 அன்னைக்கு வெளியான படம். தமிழின் முதல் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம்னு விளம்பரம் பண்ணாங்க. அமானுஷ்யத்தைத் தேடி ஒரு யூடியூபர் கூட்டம் ஜவ்வாது மலைக் காட்டுக்குள்ள போகுது. அங்க சப்த கன்னிகள் கதை, மங்கைங்கிற சூனியக்காரி கதை எல்லாம் இருக்கு. போனவங்க எடுத்த வீடியோதான் படம்.

இந்த வகைப் படம் எப்படி வேலை செய்யுது? என் வேலையிலேருந்து சொல்றேன். சர்வர் விழுந்ததுக்கு அப்புறம் லாக் ஃபைலைத் திறந்து படிக்கிற மாதிரிதான் இது. முடிவு தெரியும். எந்த வரியில தப்பு ஆரம்பிச்சதுன்னுதான் தேடுறோம். அதனால ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் இருக்கணும்.

1999-ல வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ இதைச் சரியா பண்ணுச்சு. அதுல சூனியக்காரியைக் காட்டவே இல்ல. ஆனா ஆரம்பத்துலயே ஊர்க்காரர் ஒருத்தர், ஒரு கொலைகாரன் குழந்தைகளை மூலையைப் பார்த்து நிக்க வச்ச கதையைச் சொல்லிடுவார். கடைசி ஷாட்ல ஒருத்தன் மூலையைப் பார்த்து நிக்கிறான். அவ்வளவுதான், நமக்குத் தூக்கிவாரிப் போடும். விதியை முன்னாடியே சொல்லிட்டாங்க, பயத்தை நம்ம மூளையே கணக்குப் போட்டுக்குச்சு.

‘மர்மர்’லயும் கதை சொல்றாங்க. ஆனா அப்புறம் வர்ற நடை, சண்டை, கத்தல், ஆடுற கேமரா, இதுல பெரும்பாலானது அந்தக் கதையோட ஒட்டவே இல்ல. லாக் ஃபைல் முழுக்க சத்தம்தான், தகவல் இல்ல. என்ன செஞ்சா ஆபத்துன்னு தெரியாதப்போ எதுக்குப் பயப்படுறது?

எனக்கு இன்னொரு ஏமாற்றமும் இருக்கு. எங்க ஊர் கள்ளக்குறிச்சி, கருணாபுரம். மேற்கே கல்வராயன் மலை. அதுக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம்தான் ஜவ்வாது மலை. 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு எங்க பக்கம் 60 பேருக்கு மேல செத்தாங்க. அப்போ வந்த கேமராக்களுக்கு கல்வராயன்னா சாராய மலை மட்டும்தான். அங்க இருக்கிற பழங்குடி மக்களோட அடிப்படை வசதிகளைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானாவே முன்வந்து வழக்கு எடுத்தது அதுக்கு அப்புறம்தான்.

சினிமா கேமராவும் அதே மாதிரி வெளியிலேருந்துதான் மலையேறுது. அதுக்கு மலைன்னா சூனியக்காரி இருக்கிற இடம், மலைவாசின்னா “போகாதீங்க”ன்னு எச்சரிக்கிற ஆள்.

ஆனா மலையில ராத்திரின்னா உண்மையான பயம் வேற. 2023 மே மாசம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சது. சரியான ரோடு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை இறந்துபோச்சு. உடலைக் கையில தூக்கிட்டு அந்த அம்மா கிலோமீட்டர் கணக்குல நடந்தே மலையேறினாங்க. இருட்டு, பாம்பு, தூரம். அங்க விதி எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் அந்தப் பயம் நிஜம்.

பேய்ப்படம் பாடம் நடத்தணும்னு நான் சொல்லல. மலையில இருக்கிறவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு கேட்டுட்டு எழுதினா, பேயும் தானா பலமாயிடும். அந்த மலைக்காரங்களே கேமராவைப் பிடிச்சா இன்னும் நல்லது. அப்படி ஒரு படம் வந்தா முதல் நாள் முதல் ஷோவுக்கு நான் ரெடி.