உங்களுக்குத் தெரியுமா? கோல்ஃபில் பாதி ஆட்டம் குழிக்குப் பக்கத்தில்!

கோல்ஃப் என்றதும் உயரப் பறக்கும் பந்துதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஒட்ட வெட்டிய கிரீன் புல்தரையில், பட்டர் என்னும் மட்டையால் பந்தைக் குழிக்குள் உருட்டுவதில்தான் பல ஆட்டங்களின் முடிவு இருக்கிறது. அந்த வேலைக்குப் பெயர் பட்டிங். அதைப் பற்றிச் சில தகவல்கள்:

● ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட்டிங் ஸ்ட்ரோக் தேவைப்படும் என்ற கணக்கில்தான் ‘பார்’, அதாவது ஆட்டத்தை முடிக்க எதிர்பார்க்கப்படும் ஸ்ட்ரோக்குகளின் எண்ணிக்கை, வைக்கப்படுகிறது. முழு ஆட்டத்துக்குப் பார் 72 என்றால் அதில் 36 பட்டருக்கு உரியவை. 300 கெஜம் பறக்கும் அடியும் ஒரு ஸ்ட்ரோக்தான். அரை அடி தூரம் உருட்டுவதும் ஒரு ஸ்ட்ரோக்தான்.

● குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1891-இல் நிர்ணயிக்கப்பட்ட இந்த அளவு இன்றுவரை மாறவில்லை. பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடம் தாராளம்போலத் தோன்றும். ஆனால் பந்து வேகமாக வந்தால் விளிம்பில் சுற்றி வெளியே ஓடிவிடும். வேகம் கூடக் கூட, குழி சிறுத்துப்போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

● தொழில்முறை வீரர்கள் 3 அடி தூரத்திலிருந்து ஏறத்தாழ எப்போதும் குழியில் போட்டுவிடுவார்கள். 8 அடிக்குப் போனால் அவர்களுக்கே பாதிதான் விழும்! ஆகவே 8 அடியில் தவறவிட்டதற்காக மனம் உடைந்துபோக வேண்டாம். தூரத்திலிருந்து உருட்டும்போது குழியில் போடுவதைவிட, பந்தைக் குழிக்கு மிக அருகே நிறுத்துவதையே இலக்காக வையுங்கள்.

● பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, பந்தைத் தொடும் நொடியில் பட்டரின் முகம் பார்க்கும் திசை. கை ஆடும் பாதைக்கு அதற்கு அடுத்த இடம்தான். ‘நேராகத்தான் ஆட்டினேன், பந்து விலகிவிட்டதே’ என்று தோன்றினால் முதலில் முகத்தைச் சரிபாருங்கள்.

● நிற்கும் நிலையைச் சோதிக்க இன்னொரு பந்து போதும். பட்டிங்குக்குக் குனிந்து நின்று, இரு கண்களுக்கும் நடுவே மூக்கின் மேலிருந்து அதை நழுவ விடுங்கள். கீழே உள்ள பந்தின் மீதோ, அதற்குச் சற்று உட்புறமாகவோ விழுந்தால் நல்ல நிலை. வெகுவாக விலகி விழுந்தால், பந்து போக வேண்டிய கோடு உங்கள் கண்ணுக்கே தவறாகத் தெரியும்.

● டைகர் வுட்ஸ் செய்யும் பயிற்சி மிக எளிது. பட்டரின் தலை மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டு பந்தை ஏற்றி வைக்கும் ‘டீ’ குச்சிகள் இரண்டைத் தரையில் குத்தி, அவற்றில் இடிக்காமல் பந்தை உருட்டுவது. பட்டரின் நடுப்பகுதியில் பந்து படுவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

● பட்டர் வாங்கப் போகிறீர்களா? அதன் தண்டை ஒரு விரல்மேல் கிடைமட்டமாகச் சமநிலையில் நிறுத்துங்கள். முகம் வானத்தைப் பார்த்தால், நேர்க்கோட்டில் முன்பின் ஆட்டுபவர்களுக்கு ஏற்றது. தலையின் நுனி தரையை நோக்கித் தொங்கினால், லேசாக வளைந்த பாதையில் ஆட்டுபவர்களுக்கு ஏற்றது. உங்கள் கை எப்படி ஆடுகிறது என்று முதலில் ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

● மெல்லிய தலை உள்ளது ‘பிளேடு’. அகன்ற, பருத்த தலை உள்ளது ‘மேலட்’. மேலட்டில் எடை ஓரங்களுக்குப் பரவியிருப்பதால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திரும்பாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது பெரிய உதவி.

● கடைகளில் கிடைக்கும் பட்டர்கள் பெரும்பாலும் 33 முதல் 35 அங்குல நீளம். உங்களுக்குச் சரியான நீளம் எது என்பதை உயரம் மட்டும் சொல்லாது. நீங்கள் குனியும் விதமும் சேர்ந்தே சொல்லும். கைகள் தோளிலிருந்து இயல்பாகத் தொங்க வேண்டும். மணிக்கட்டு துடிக்கிறதா? தடித்த கிரிப் (கைப்பிடி உறை) போட்டுப் பாருங்கள்.

● நார்வேயில் பிறந்த கார்ஸ்டன் சோல்ஹைம், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். தன் பட்டிங் சரியில்லை என்று 1959-இல் தானே ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய ஓசையே ‘பிங்’ என்ற பெயரானது. 1966-இல் அவர் வடிவமைத்த ‘ஆன்சர்’ பட்டரின் பெயர் அதில் பொறிக்க நீளமாக இருந்ததால், ஆங்கில எழுத்துகளில் ‘டபிள்யூ’வை விட்டுவிடச் சொன்னவர் அவர் மனைவி லூயிஸ். அந்த வடிவத்தைப் பின்பற்றிய பட்டர்கள் இன்றும் எல்லாக் கடைகளிலும் உள்ளன.

● 1904-இல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்கர், தலையின் நடுப்பகுதியில் தண்டு பொருத்திய ‘ஸ்கெனெக்டடி’ பட்டரால் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1910-இல் பிரிட்டனில் அந்த வகைக்கே தடை வந்தது. அது நீங்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆயின.

● நீளமான பட்டரின் முனையை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி ஆடுவதற்கு 2016 ஜனவரி 1 முதல் தடை. நீளமான பட்டருக்குத் தடையில்லை. ஊன்றக் கூடாது, அவ்வளவுதான்.

● பெர்முடா போன்ற வெப்பநாட்டுப் புல்லில், புல் சாய்ந்திருக்கும் திசையும் பந்தை இழுக்கும். உங்களுக்கு எதிரே புல் பளபளத்தால் அது குழிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு. சற்று அழுத்தி அடிக்க வேண்டும்.

● ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர், பட்டிங்கின்போது கை தன்னையறியாமல் உதறும் ‘யிப்ஸ்’ தொல்லையால் பலமுறை தவித்தார். ஒவ்வொரு முறையும் பட்டரைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டு மீண்டு வந்தார். 1985, 1993 என இருமுறை மாஸ்டர்ஸ் பட்டம் அவருடையது.

● நிறைவாக, வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். குழியின் விட்டத்தில் சரியாகக் கால் பங்கு. கூடத்துத் தரைவிரிப்பில் அதை வைத்து, 3 அடி தள்ளி நின்று, தினமும் பத்து நிமிடம் பந்தை அதன்மேல் உருட்டிப் பழகுங்கள். விலை உயர்ந்த பட்டரைத் தேடும் முன் இதைச் செய்யுங்கள். அடுத்த முறை கிரீனில் நிற்கும்போது, உங்கள் எதிரே இருப்பது அந்த நாணயத்தைப்போல் நான்கு மடங்கு அகலமான குழி!