லேசர் கண் சிகிச்சை: முடிவெடுக்கும் முன் ஓராண்டு

சித்தூரிலும் திருப்பதியிலும் எங்கள் கிளைகளுக்குத் தனிநபர் கடன் கேட்டு வரும் இளைஞர்களிடம், கடன் எதற்காக என்று வினவினால், கண்ணுக்கு லேசர் செய்துகொள்வதற்காக என்ற விடை இப்போது அடிக்கடி கிடைக்கிறது. திருமணப் பேச்சு தொடங்கிய வீட்டார், சீருடைப் பணிக்குத் தயாராகும் மாணவர்கள், தலைக்கவசத்துக்குள் மூக்குக்கண்ணாடியுடன் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் செல்வோர் என ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயமான காரணம் உண்டு. கண்ணாடியிலிருந்து விடுபட விரும்புவதில் தவறேதும் இல்லை.

எனினும், இம்முடிவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்கலாம். அடகு நகையை மீட்கலாம். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறித்துக்கொள்ளலாம். லேசர் கதிர் அகற்றிய கருவிழிப்படலத்தின் பகுதியை மீண்டும் வைக்க இயலாது. திரும்பப் பெற முடியாத இச்செலவை எவ்வாறு ஆராய்ந்து முடிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சென்னை மாணவர் ஒருவரின் பங்கு

இச்சிகிச்சையின் வரலாற்றில் நம் பகுதிக்கும் ஓர் இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949 இல் இளநிலைப் பட்டமும் 1950 இல் முதுநிலைப் பட்டமும் பெற்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றினார். 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் பண்டிகை விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டுகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர் கதிரை அவற்றின்மீது செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் மிகத் துல்லியமாக அகன்றிருந்தது. உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருக்கும் இக்கண்டுபிடிப்பில் பங்குண்டு. 1983 இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல், சீனிவாசனுடன் இணைந்து இம்முறையைக் கருவிழிப்படலத்தில் ஆராய்ந்தார். 1995 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பார்வைத் திருத்தத்துக்கு எக்சைமர் லேசரை ஏற்றது. இம்மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013 இல் வழங்கப்பட்டது.

இன்று மூன்று முறைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. கருவிழிப்படலத்தின் மேற்புறத் தோலை நீக்கி லேசர் செலுத்துவது பி.ஆர்.கே. மெல்லிய மூடி போன்ற ஏட்டை வெட்டித் திறந்து, உள்ளே லேசர் செலுத்தி, மீண்டும் மூடுவது லேசிக். சிறு கீறல் வழியே உள்ளிருந்து மெல்லிய வில்லை ஒன்றை உருவி எடுப்பது ஸ்மைல். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. கருவிழிப்படலத்தின் ஒரு பகுதியைக் குறைத்து, அதன் வளைவை மாற்றி, ஒளி விழித்திரையில் சரியாகக் குவியுமாறு செய்கிறார்கள்.

கருவிழிப்படலத்தின் இருப்புக் கணக்கு

சிகிச்சைக்கு ஒருவர் தகுதியானவரா என்பதை முதலில் முடிவு செய்வது அவருடைய கருவிழிப்படலத்தின் கனமே. வங்கிக் கணக்கைப் போல இதற்கும் ஒரு தொடக்க இருப்பும், ஒரு குறைந்தபட்ச இருப்பும் உண்டு.

நடுப்பகுதியின் சராசரிக் கனம் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியது. லேசிக் முறையில் ஏட்டுக்கு ஏறத்தாழ 110 மைக்ரான் போகிறது. பவர் ஒரு டயாப்டர் குறைவதற்குச் சுமார் 15 மைக்ரான் செலவாகிறது என்று கொள்வோம். மைனஸ் 4 பவர் உள்ளவருக்கு 60 மைக்ரான் செலவாகும். அடியில் 370 எஞ்சும். மைனஸ் 9 உள்ளவருக்கு 135 செலவாகும், எஞ்சுவது 295. அதே மைனஸ் 9 உள்ள மற்றொருவரின் தொடக்கக் கனம் 480 மட்டுமே எனில், எஞ்சுவது 235. அடியில் 250 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் வரம்பு; பலர் 300 வேண்டும் என்பார்கள். குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே சென்றால், நாளடைவில் கருவிழிப்படலம் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் முன்னோக்கிப் பிதுங்கக்கூடும். பார்வை முன்பிருந்ததைவிட மோசமாகும்.

ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்துகொண்டு நன்றாக இருக்கிறான் என்பது நமக்குச் சான்றாகாது. அவனுடைய இருப்பு வேறு, நம்முடையது வேறு. கனத்தை அளக்கும் பேக்கிமெட்ரி, வளைவை வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி ஆகிய சோதனைகள் இல்லாமல், கண்ணாடிச் சீட்டை மட்டும் பார்த்துச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் இடத்தைத் தவிர்ப்பது நலம்.

காத்திருக்க வேண்டியோர், கைவிட வேண்டியோர்

பதினெட்டு வயது நிரம்பாதோர், ஓராண்டுக்குள் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் காத்திருக்க வேண்டும். கருவிழிப்படலம் கூம்பு வடிவமாகும் கெரட்டோகோனஸ் நோயோ அதன் தொடக்க அறிகுறியோ உள்ளவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். ஒவ்வாமையால் எப்போதும் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்நோய்க்கான சோதனையை ஒருபோதும் விடக் கூடாது. கட்டுக்குள் வராத நீரிழிவு, முடக்குவாதம் போன்ற நோய்கள் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கண் வறட்சியும் முக்கியமானது. சிகிச்சையின்போது கருவிழிப்படலத்தின் நரம்பிழைகள் அறுபடுவதால், சில மாதங்களுக்குக் கண்ணீர்ச் சுரப்புக் குறைவது பரவலாகக் காணப்படுகிறது. அமெரிக்காவில் நடந்த புரோல் எனும் ஆய்வில், முன்னர் வறட்சி இல்லாதவர்களுள் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் மூன்றாம் மாதத்தில் வறட்சி அறிகுறிகளைத் தெரிவித்தனர். முன்னர் எந்தக் காட்சிக் குறையும் இல்லாதவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், ஒளிச்சிதறல் போன்ற ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கண்டனர். அதே ஆய்வில் 100க்கு 95 பேருக்கு மேல் தம் பார்வையில் நிறைவு கொண்டனர்; அன்றாட வேலைக்கே மிகுந்த இடையூறு எனக் கூறியோர் 100க்கு ஒருவருக்கும் குறைவு. இவ்விரு பக்கத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கோடை வெயிலிலும் தூசியிலும் வேலை பார்ப்பவரும், இரவில் நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டுபவரும் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும்.

நாற்பதைக் கடந்தோருக்கு

நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்குகிறது. கண்ணின் உள்ளே உள்ள இயற்கை வில்லை நெகிழ்வை இழப்பதால் வருவது இது. கருவிழிப்படலத்தில் செய்யும் லேசர் இதைத் தடுப்பதில்லை. கிட்டப்பார்வை உள்ள என் வயதினர் பலர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேரேட்டையும் செய்தித்தாளையும் இயல்பாகப் படிக்கிறோம். லேசர் செய்துகொண்டால் தூரம் தெளியும். படிக்கும்போது கண்ணாடி தேவைப்படும். நாளில் பெரும்பகுதி தாளையும் திரையையும் பார்ப்பவருக்கு இந்தப் பண்டமாற்று இலாபகரமா என்பது ஐயமே. நான் கண்ணாடியையே தொடர்வதற்கு இதுவே காரணம். இருபத்தைந்து வயதினரின் கணக்கு வேறாக அமையலாம்.

வேலைவாய்ப்பும் காப்பீடும்

ரேணிகுண்டா போன்ற இரயில்வே ஊர்களின் இளைஞர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்துகொண்டோர் தகுதியற்றவர் என இரயில்வே பணியாளர் தேர்வு அறிவிப்புகள் கூறுகின்றன. வேலைக்காகச் செய்துகொண்ட சிகிச்சையே வேலைக்குத் தடையாகிவிடும். விமானப்படையின் மருத்துவ நெறிகளோ, 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, சிகிச்சைக்குப் பின் 12 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளுடன் ஏற்கின்றன. பிரிவுக்குப் பிரிவு விதி மாறும். விண்ணப்பிக்க எண்ணும் பணியின் அறிவிப்பை முதலில் படித்துவிடுதல் வேண்டும்.

மருத்துவக் காப்பீடு உண்டே என்று நம்பியிருப்போரும் கவனிக்கவும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விலக்குகளின்படி, 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கிவைக்கலாம். பாலிசி ஆவணத்தில் இது ‘விலக்கு 15’ என்ற குறியீட்டுடன் காணப்படும். இதில் ஒரு முரண் உண்டு. காப்பீடு கிடைக்க வாய்ப்புள்ள உயர் பவர் கொண்டோருக்கே கருவிழிப்படல இருப்புப் போதாமல் போகும் வாய்ப்பும் மிகுதி. அவர்களுக்கு, கண்ணின் உள்ளே பொருத்தும் ஐ.சி.எல். லென்ஸ் ஒரு மாற்று வழி. அது கருவிழிப்படலத்தைக் குறைப்பதில்லை. தேவையெனில் அகற்றவும் முடியும். ஆனால் அது கண்ணுக்குள் செய்யும் அறுவை என்பதால் அதற்குரிய இடர்களும் செலவும் உண்டு.

பன்னிரண்டு தவணைகள்

இரு கண்களுக்குமான கட்டணம், முறையைப் பொறுத்துச் சில பத்தாயிரங்களிலிருந்து ஒரு இலட்சத்துக்கு மேலும் செல்கிறது. வட்டியில்லாத் தவணை, இம்மாத இறுதி வரை சலுகை என்னும் அறிவிப்புகள் மனத்தை விரைவுபடுத்தும். அத்தகைய திட்டங்களில் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முழுத்தொகையை ரொக்கமாகச் செலுத்தினால் தள்ளுபடி உண்டா என்று கேட்டு ஒப்பிட்ட பின்னரே உண்மை விலை தெரியும்.

வாடிக்கையாளர்களுக்கு நான் கூறும் வழி எளிது. பவர் ஓராண்டு மாறாதிருக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. ஆகவே, இன்று பவரைச் சோதித்து, சீட்டில் தேதியிட்டு வைத்துக்கொண்டு, அதே வாரத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள். மாதம் ரூ.5,000 வீதம் 12 தவணை செலுத்தினால் ரூ.60,000 அசலும் வட்டியும் சேரும். ஆண்டு முடிவில் பவர் மாறவில்லை, கருவிழிப்படலக் கனமும் போதும் எனில், கடனின்றிச் சிகிச்சைக்குச் செல்லலாம். பவர் மாறியிருந்தாலோ, மருத்துவர் வேண்டாம் என்றாலோ, பணம் உங்களுடையதே. காத்திருந்த ஓராண்டில் கண்ணாடி அணிந்த கண்ணுக்கு இழப்பேதும் இல்லை.

சோதனைக்குச் செல்லும்போது

நம் பகுதியினருக்கு நல்ல கண் மருத்துவமனைகள் எட்டும் தூரத்திலேயே உள்ளன. 1976 இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 2019 முதல் திருப்பதியில் இயங்குகிறது. சித்தூருக்கு அருகே வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஷெல் கண் மருத்துவமனையும், சென்னையில் 1978 இல் நிறுவப்பட்ட சங்கர நேத்ராலயாவும் உள்ளன. எங்குச் சிகிச்சை செய்துகொள்வதாக இருந்தாலும், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் சோதனைக்கு முன் மென்மையான லென்ஸை இரண்டு வாரமும், கெட்டியானதை மூன்று நான்கு வாரமும் விலக்கி வைக்க வேண்டும்; இல்லையெனில் அளவு பிழைபடும்.

மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்: என் கருவிழிப்படலக் கனம் எவ்வளவு? சிகிச்சைக்குப் பின் எவ்வளவு எஞ்சும்? வறட்சிச் சோதனையின் முடிவு என்ன? பவர் சிறிது மீண்டும் வந்தால் அடுத்து என்ன செய்யலாம்? ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ மட்டும் இருந்து, அது முழுவதும் விளங்கவில்லையெனில், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

சிகிச்சை முடிந்தாலும் கடமை முடிவதில்லை. உயர் கிட்டப்பார்வை கொண்ட கண்ணின் விழித்திரைக்கு உள்ள இடர், கண்ணாடி போனாலும் போவதில்லை. ஆண்டுதோறும் விழித்திரைச் சோதனை தேவை. முதுமையில் கண்புரை அறுவைக்குச் செல்லும்போது, உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிட லேசருக்கு முந்தைய அளவுகள் உதவும். கண் அழுத்தம் அளக்கும்போதும், கருவிழிப்படலம் மெலிந்திருப்பதால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். லேசர் செய்துகொண்டதை ஒவ்வொரு கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முந்தைய அறிக்கைகளை வீட்டுப் பத்திரத்துடன் ஒரே கோப்பில் வைத்து, அது இருக்கும் இடத்தைக் குடும்பத்தாருக்கும் தெரிவித்துவிடுங்கள்.