நூலுக்குப் புகழ் வரும் வழி



சேதராப்பட்டை அடுத்த பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது நடந்த சிறு நிகழ்ச்சியோடு இவ்வுரையைத் தொடங்குகிறேன். பிள்ளைகளுக்குப் படிப்பார்வத்தை ஊட்ட எண்ணி, நூலக வாயிலில் ஒரு கரும்பலகையை மாட்டினேன். 'இம்மாதம் மிகுதியாகப் படிக்கப்பட்ட நூல்கள்' என்று தலைப்பிட்டு ஐந்து நூல்களின் பெயர்களை எழுதச் செய்தேன். முதல் மாதத்தில் தலைவரிசையில் நின்ற நூல் நான்கு முறை வெளியே சென்றிருந்தது. அதற்கு அடுத்தது மூன்று முறை. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ஆனால் மறு மாதத்தில் முதல் நூலுக்கு ஒரு வகுப்பே காத்து நின்றது. பலகையில் இடம்பெறாத நூல்களைத் தொடுவார் இல்லை.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். "ஐயா, நான் இரண்டு முறை படித்த புத்தகம் பலகையில் இல்லையே! அப்படியானால் அது நல்ல புத்தகம் இல்லையா?" என்று கேட்டாள். அன்று நான் ஏதோ ஆறுதல் கூறி அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு உரிய விடையை இன்று உங்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

ஒரு நூல் அச்சேறிய அன்றே அதன் தரம் முடிவாகிவிடுகிறது. பின்னர் யார் என்ன சொன்னாலும் அதில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆனால் அதன் புகழ் அவ்வாறன்று. அது பிறர் வாய்ச்சொல்லால் நாளும் வளர்வது. சில வேளைகளில் தேய்வது. அந்த வாய்ச்சொல் மூன்று வழிகளில் நம்மை வந்தடைகிறது. மதிப்புரை ஒன்று, விற்பனைப் பட்டியல் மற்றொன்று, பரிசு மூன்றாவது.

மேலைநாடுகளில் புத்தக வாணிகத்திற்கென்றே தனி இதழ்கள் உள்ளன. அமெரிக்காவில் 1872 முதல் வெளிவரும் 'பப்ளிஷர்ஸ் வீக்லி' அவற்றுள் ஒன்று. 1933இல் வர்ஜீனியா கெர்கஸ் என்னும் அம்மையார் மற்றொரு மதிப்புரைச் சேவையைத் தொடங்கினார். பதிப்பாளர்களிடமிருந்து நூல்களை அச்சுப்படி நிலையிலேயே பெற்றுப் படித்து, அவை கடைக்கு வருமுன்பே புத்தகக் கடைக்காரர்களுக்குக் கருத்து எழுதி அனுப்பினார். இவ்வகை மதிப்புரையைப் பொதுமக்கள் பெரும்பாலும் காண்பதில்லை. கடைக்காரரும் நூலகரும் காண்கின்றனர். எத்தனைப் படிகள் வாங்குவது என்று முடிவு செய்கின்றனர். ஆகவே வாசகன் கடைக்குள் நுழைவதற்கு முன்பே, அவன் கண்ணில் எந்த நூல் படவேண்டும் என்பதை வேறொருவர் ஓரளவு தீர்மானித்துவிடுகிறார்.

விற்பனைப் பட்டியலின் கதையும் நெடியது. 1895இல் 'புக்மன்' என்னும் அமெரிக்க இதழ், பல நகரங்களின் கடைகளில் மிகுதியாக விற்ற நூல்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. 1931இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் தன் நகர அளவில் ஒரு பட்டியலைத் தொடங்கியது. பின்னர் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. பட்டியல் என்றவுடன் அதைத் தராசு போன்ற ஒன்றென்று நாம் எண்ணுகிறோம். உண்மை என்ன? எல்லாக் கடைகளையும் அது எண்ணுவதில்லை. தேர்ந்தெடுத்த கடைகளின் செய்தியைக் கொண்டு கணிக்கிறது. நூல்களை மொத்தமாக வாங்கிக் குவித்துப் பட்டியலில் ஏற முயல்வோரும் உண்டு. ஆதலால் மொத்த விற்பனை இருந்ததெனக் கடைகள் தெரிவித்த நூலுக்கு அருகில் அந்நாளிதழ் ஒரு குறியிட்டுக் காட்டுகிறது.

1983இல் வில்லியம் பீட்டர் பிளாட்டி என்னும் நாவலாசிரியர் அந்நாளிதழின்மீது வழக்குத் தொடுத்தார். போதிய அளவு விற்றும் தம் நூலுக்குப் பட்டியலில் உரிய இடம் தரப்படவில்லை என்பது அவருடைய முறையீடு. பட்டியல் வெறும் கணக்கு அன்று, அது ஆசிரியர் குழுவின் படைப்பு என்று நாளிதழ் வாதிட்டது. 1986இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் எழுத்தாளரின் கோரிக்கையை ஏற்கவில்லை. மாணவர்களே, இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. பட்டியலும் ஒருவகை மதிப்புரையே. எண்ணின் ஆடையை உடுத்தி வருவதால் அதை நாம் மதிப்புரை என்று உணர்வதில்லை.

பரிசின் ஆற்றலுக்குச் சான்று கூறப் புதுவையில் வாழும் நமக்குப் பிரெஞ்சு நாட்டு நிகழ்ச்சி ஒன்று பொருத்தமாக இருக்கும். 1919இல் கோன்கூர் பரிசு மார்செல் புரூஸ்துக்குக் கிடைத்தது. நடுவர்கள் பதின்மரில் அறுவர் அவர் பக்கம். நால்வர் ரோலான் தோர்ஷலேஸ் எழுதிய போர் நாவலின் பக்கம். தோற்ற நூலின் பதிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? 'கோன்கூர் பரிசு' என்று பெரிய எழுத்திலும், 'பத்தில் நான்கு வாக்கு' என்று சிறிய எழுத்திலும் அச்சிட்ட தாள்பட்டையை நூலின்மேல் சுற்றி விற்றார்! புரூஸ்தின் பதிப்பாளர் வழக்காடி வென்றார். நூலுக்குள் இருப்பதைவிட அதன்மேல் சுற்றிய பட்டையே வாசகனை ஈர்க்கும் என்பதைப் பதிப்பாளர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இவற்றின் விளைவை ஆய்வாளர் அளந்தும் பார்த்திருக்கின்றனர். ஆலன் சோரென்சன் என்பார் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டியலில் இடம்பெறுவதால் பெரிதும் பயன்பெறுவோர் புகழ்பெற்ற ஆசிரியர் அல்லர். முதல் நூல் எழுதியவர்களே. 2010இல் அவரும் வேறு இருவரும் மதிப்புரைகளை ஆராய்ந்தனர். பாதகமான மதிப்புரை, பெயர்பெற்ற எழுத்தாளரின் விற்பனையை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் பெயர் தெரியாத எழுத்தாளரின் விற்பனையை அதே பாதகமான மதிப்புரை ஏறத்தாழ 45 விழுக்காடு உயர்த்தியது! திட்டியது மறந்துபோகிறது, பெயர் நினைவில் நிற்கிறது. புது எழுத்தாளனுக்கு வசையைவிடக் கொடியது மௌனமே என்பது இதனால் தெளிவாகிறது.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் புதுவையில் வாழ்ந்தார். 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பகுதி 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி அச்சேறியதைக் காணும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை. 1920இல் தம் எழுத்துகளையெல்லாம் நாற்பது நூல்களாக, நூல் ஒன்றுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் வெளியிட அவர் திட்டமிட்டார். நண்பர்களிடம் பொருளுதவி வேண்டினார். மறு ஆண்டே மறைந்தார். திட்டம் நிறைவேறவில்லை. இன்று தமிழ் வீடுகளில் அவர் நூல் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கவிதை அன்றும் இதுவேதான். மாறியது எது?

மாறியதன் ஒரு பகுதி மதிப்புரையால் நேர்ந்தது. 1930களின் நடுவில், பாரதி மகாகவியா அல்லரா என்ற பெரும் வாதம் பத்திரிகைகளில் மூண்டது. வ.ரா. அவரை உலகக் கவிகளுக்கு நிகராக உயர்த்திப் பேசினார். ஆனந்த விகடனில் எழுதிவந்த கல்கி அதை ஏற்கவில்லை. பாரதியைச் சிறந்த தேசியக் கவியென்று கொண்டாடிய அவர், மகாகவி என்னும் பட்டத்தை மறுத்தார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியின் பக்கம் நின்று எழுதிய கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்னும் நூலாயின. அவ்வாதத்தில் யார் வென்றார் என்பது இங்கே முக்கியமன்று. கவிதையைப் படியாதவரும் அவ்வாதத்தால் அதைப் படிக்கத் தொடங்கினர். மறுத்து எழுதிய கல்கியே எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று உழைத்தார். 1947இல் அது திறக்கப்பட்டது. நேர்மையான மறுப்பும் ஒரு நூலுக்குச் செய்யும் தொண்டே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

புதுவை மண்ணின் மற்றொரு சான்று பாவேந்தர் பாரதிதாசன். இளம் ஆசிரியராக இருந்த கனக சுப்புரத்தினம் எழுதிய பாட்டைப் பாரதியார், தம் கவிதை மண்டலத்தைச் சேர்ந்தவர் என்ற குறிப்போடு 'சுதேசமித்திர'னுக்கு அனுப்பிவைத்தார். அச்சிறு குறிப்புத்தான் அவருக்குக் கிடைத்த முதல் மதிப்புரை. ஆயினும் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளிவர 1938 வரை காத்திருக்க நேர்ந்தது. குஞ்சிதம் குருசாமி அம்மையார் அதை வெளியிட்டார். ஒரு கவிஞனை வளர்க்க ஒரு நல்ல சொல் போதாது. அச்சொல்லை நம்பி முன்வரும் ஒரு பதிப்பாளரும் வேண்டும்.

சிற்றிதழ்களின் வலிமையையும் இங்கே குறிப்பிட வேண்டும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து' சில நூறு வாசகரையே எட்டியது. இலட்சக்கணக்கில் விற்ற வார இதழ்களோடு ஒப்பிட்டால் அது கடலருகே கிணறு போன்றது. ஆயினும் தமிழ்ப் புதுக்கவிதைக்கு வேர்விட இடந்தந்தது அக்கிணற்று நீரே. க.நா. சுப்ரமண்யம் அவ்வப்போது வெளியிட்ட சிறந்த நூற்பட்டியல்களும் அத்தகையனவே. அவை விற்பனைப் பட்டியல்கள் அல்ல. ஒரு வாசகரின் விருப்பப் பட்டியல்கள். அவற்றைப் பலர் எள்ளி நகையாடினர். எனினும் விற்பனையில் பின்தங்கிய நல்ல நூல்கள் பல, அவற்றால் இளம் வாசகர் கைக்குச் சென்றன.

இதனால் மிகுதியாக விற்கும் நூல் தாழ்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது மறுபுறத்துப் பிழை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் மக்கள் காத்திருந்து படித்த தொடர். வெறும் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிய விமரிசகர் உண்டு. மூன்று தலைமுறை கடந்தும் அது படிக்கப்படுகிறது. கூட்டம் சேர்ந்த இடத்தில் குற்றம் இருக்கத்தான் வேண்டும் என்பது அறிவன்று.

ஆயினும் கூட்டம் சேராமற்போனதால் நேர்ந்த இழப்பு ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ப. சிங்காரம் என்பவர் இந்தோனேசியாவில் வாழ்ந்தவர். பின்னர் மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணியாற்றியவர். கலைமகள் நாவற்போட்டியில் பரிசுபெற்ற 'கடலுக்கு அப்பால்' அவரது முதல் நாவல். அடுத்த நாவலான 'புயலிலே ஒரு தோணி' நெடுநாள் காத்திருந்து 1972இல்தான் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்காசியத் தமிழரின் வாழ்வைக் கூறும் அந்நூல், இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. வெளிவந்த காலத்தில் அதைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலர். அவர் பெயரில் நமக்குக் கிடைத்த நாவல்கள் அவ்விரண்டே. 1997இல் அவர் மறைந்தார். காலம் கடந்த புகழ் நூலைக் காப்பாற்றிவிடும். ஆனால் எழுதப்படாமற்போன நூலை எந்தப் புகழ் மீட்டுத் தரும்?

1931ஆம் ஆண்டை மீண்டும் நினைவுகூருங்கள். நியூயார்க் நாளிதழ் பட்டியலைத் தொடங்கிய அதே ஆண்டில், சென்னையில் ஒரு நூல் வெளிவந்தது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். இரங்கநாதன் எழுதிய நூலகவியல் ஐந்து விதிகள் அது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மற்றொன்று. பட்டியல், எத்தனை பேர் என்று கேட்கிறது. இரங்கநாதன், யார் என்று கேட்டார். இவ்விரு கேள்விகளின் வேறுபாடே என் உரையின் சாரம்.

அப்படியானால் மதிப்புரையையும் பட்டியலையும் பரிசையும் புறக்கணிப்பதா? வேண்டா. அவை ஊர்ப்பெயர்ப் பலகைகள் போன்றவை. வழிகாட்டும், ஆனால் நமக்காக நடந்துசெல்லமாட்டா. மதிப்புரையைப் படிக்கும்போது, எழுதியவர் நூலை முழுதும் படித்தாரா, தீர்ப்புக்குக் காரணம் காட்டினாரா என்று பாருங்கள். பட்டியலைக் காணும்போது, எண்ணியவர் யார், எங்கே எண்ணினார் என்று கேளுங்கள். பரிசு பெற்ற நூலை எடுக்கும்போது, அதனோடு போட்டியிட்டுத் தோற்ற நூல்கள் எவை என்றும் தேடுங்கள். பின்னர் எல்லாவற்றையும் மறந்து, நூலின் இருபது பக்கங்களை நீங்களே படியுங்கள்.

அந்தக் கரும்பலகையை நான் பின்பு கழற்றிவிட்டேன். அவ்விடத்தில் ஒரு குறிப்பேட்டை நூல்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். படித்தவர் நூலின் பெயரையும், அது பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ ஒரு காரணத்தையும் எழுதவேண்டும், அதுவே விதி. முதற்பக்கத்தில் முதலில் எழுதியவள் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் எழுதிய காரணத்தைப் படித்துவிட்டு நானும் அந்நூலை எடுத்துச் சென்றேன். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதையும் காரணத்தோடு அவள் எழுத்தின் கீழே எழுதினேன். மறுநாள் அதன் கீழே அவளுடைய மறுப்பு இருந்தது. அன்றுதான் எங்கள் பள்ளியில் மதிப்புரை பிறந்தது என்பேன்.