நோயுற்ற நாயும் புதிய குட்டியும்



கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்குச் சென்றவர்கள் குடிசைகளின் முன்னே நாய்கள் படுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். மரவள்ளியும் சாமையும் விளையும் கொல்லைகளில் காட்டுப்பன்றி புகாமல் இரவில் குரைத்துக் காப்பது அவற்றின் வேலை. திறந்த வெளியில் வாழும் அந்நாய்களுக்கு மலசலம் கழிக்கும் இடத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நகரத்து வீட்டில் வளரும் நாய்க்கோ அப்பழக்கம் இன்றியமையாதது. அதனைக் கற்பிப்பது எப்படி என்பதையும், அதே வேளையில் நோயுற்ற நாயைப் பேணுவது எப்படி என்பதையும் என் சொந்த அனுபவம் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன்.

கள்ளக்குறிச்சியில் உள்ள என் வீட்டில் செவலி என்னும் பெண் நாய் எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. என் பழைய மாணவர் ஒருவர் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு மணி என்று பெயரிட்டோம். அந்த வாரமே செவலி நோயுற்றது. உணவை வெறுத்தது, தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தது. கருப்பையில் சீழ் கட்டியிருப்பதாகக் கால்நடை மருத்துவர் கூறினார். கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு, பருவம் முடிந்த சில வாரங்களில் இந்நோய் வருவதுண்டு. காலம் தாழ்த்தினால் உயிருக்கே கேடு. அறுவை செய்து கருப்பையை அகற்றினார்கள், செவலி பிழைத்தது. இவ்வாறு ஒரே வீட்டில் ஒரு நோயாளியும் ஒரு மழலையும் எனக்கு வாய்த்தன.

முதலில் நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். தையல் பிரிக்கும் வரை, அஃதாவது பத்து முதல் பதினான்கு நாள் வரை, நாய் ஓடவும் தாவவும் கூடாது. தோலின்மேல் புண் ஆறியதுபோல் தோன்றினாலும் உள்ளே தசை இன்னும் கூடியிராது. புண்ணை நக்காதவாறு கழுத்தில் கூம்பு வடிவான பட்டை கட்ட வேண்டும். நாயின் எச்சில் புண்ணுக்கு மருந்து என்பது தவறான நம்பிக்கை. நாள்தோறும் இருமுறை புண்ணைப் பார்த்து, வீக்கமோ நீர்க்கசிவோ தீநாற்றமோ இருப்பின் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை இரக்கத்தால் கொடுத்துவிடக் கூடாது. அவற்றுள் பல நாய்க்கு நஞ்சாகும்.

இனி, குட்டியின் பாடம். இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் சிறுநீரை அடக்க வல்லதன்று. அஃது உடலின் இயல்பு, பிடிவாதம் அன்று. ஆகையால் உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன், இரவில் படுக்குமுன் அதனை ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே அது சிறுநீர் கழித்த மறுகணமே பாராட்டி, ஒரு சிறு தின்பண்டம் தர வேண்டும். வீட்டிற்குள் வந்த பிறகு கொடுத்தால், எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது.

நான் கொல்லைப்புறத்தில் மணல் பரப்பிய ஒரு மூலையைத் தேர்ந்தேன். தெருவைத் தேர்ந்தேன் அல்லேன். அதற்குக் காரணம் உண்டு. 1978-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பார்வோ என்னும் வைரசு, நோயுற்ற நாயின் மலத்தின் வழியே பரவி மண்ணில் பல மாதம் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசிகள் முழுவதும் போட்டு முடியாத குட்டிக்குத் தெரு ஆபத்தான இடம். குட்டி துள்ளி வந்து செவலியின் தையலைக் கடித்துவிடாதபடி, நடு அறை வாயிலில் ஒரு மூங்கில் தட்டியையும் கட்டினேன்.

ஐந்து நாள் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஆறாம் நாள் இரவு, எழ மாட்டாத செவலி படுக்கை அருகிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. நான் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். நம் மூக்குக்கு மறைந்த நெடி நாயின் மூக்குக்கு மறையாது. மறுநாள் காலையில் தட்டியை மூட மறந்திருந்தேன். மணி உள்ளே நுழைந்து, மோப்பம் பிடித்து, அதே இடத்தை நனைத்தது. பள்ளியில் பல்லாண்டு ஓங்கிப் பழகிய என் குரல் என்னையும் அறியாமல் எழுந்தது.

அந்தக் கூச்சலால் மூன்று தீங்குகள் விளைந்தன. படுத்திருந்த செவலி, தன்னைத்தான் கடிந்துகொண்டேன் என்று அஞ்சி வெடுக்கென எழுந்தது; தையலின் ஓரத்தில் இரத்தம் கசிந்தது. நல்ல காலம், புண் திறக்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். குட்டியோ அதன் பிறகு என் கண்முன்னே சிறுநீர் கழிப்பதையே விட்டுவிட்டது. மணல் மூலையில் நின்றால் சும்மா நிற்கும். உள்ளே வந்ததும் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து கழிக்கும். "இங்கே கழிக்காதே" என்று நான் சொன்னதாக எண்ணினேன். "இந்த மனிதர் பார்க்கும்போது கழிக்காதே" என்றே அது கற்றுக்கொண்டது. மூன்றாவது தீங்கு, ஐந்து நாள் உழைப்பு வீணானது.

இதன் காரணத்தை உருசிய நாட்டு அறிஞர் இவான் பாவ்லவின் ஆராய்ச்சி விளக்குகிறது. செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நாய்க்கு உணவு தருமுன் ஓர் ஒலியை எழுப்பி, இதனைப் பன்முறை செய்தால், பின்னர் அவ்வொலி கேட்ட அளவிலேயே அதன் வாயில் நீர் ஊறும் என்று அவர் காட்டினார். எதன் பின் எது வருகிறதோ அவ்விரண்டையும் நாயின் மூளை பிணைத்துக்கொள்கிறது. மணலின் பின் தின்பண்டம் வந்தால் மணல் இனிக்கும். என் முகத்தின் பின் கூச்சல் வந்தால் என் முகமே அச்சமாகும். அதே பாவ்லவ், மனிதருக்குச் செய்வதுபோல் தூய்மை பேணி நாய்களுக்கு அறுவை செய்து, அவை நன்கு தேறிய பின்னரே ஆய்வைத் தொடங்கினார் என்பதும் நினைக்கத் தக்கது. நோயும் அச்சமும் உள்ள உடலிடம் உண்மையான விடை கிடைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நான் முதலிலிருந்து தொடங்கினேன். நனைந்த இடங்களைக் காடி கலந்த நீரால் நன்கு துடைத்தேன். பினாயிலைத் தவிர்த்தேன், நாய் அதனை நக்கினால் தீங்கு. மணல் மூலையில் குட்டியைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் அது மணலில் சிறுநீர் கழித்தது. மெல்லிய குரலில் பாராட்டினேன். செவலியின் தையல் பதினான்காம் நாள் பிரிக்கப்பட்டது. ஆறு வாரத்தில் மணி தானே கொல்லைக் கதவருகே சென்று முனகத் தொடங்கியது.

மாணவர்களே, ஒன்றை ஒளியாமல் சொல்லிவிடுகிறேன். மாணவரை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது நான் பிரம்பை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால், ஆசிரியரின் கையைச் சட்டம் கட்டிவிட்டது என்றே உள்ளுக்குள் வருந்தினேன். என் வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிந்து நின்ற பிள்ளைகளைப் பாடம் படிக்காதவர்கள் என்று எண்ணியிருந்தேன். அவர்களுள் எத்தனை பேர் விடை தெரிந்தும் என் முகத்திற்கு அஞ்சி வாய் திறவாமல் நின்றனரோ? நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த குட்டியைக் கண்ட பிறகுதான் அக்கேள்வி எனக்குத் தோன்றியது. இனி அதற்கு விடை காண என்னால் இயலாது. நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆகப்போகும் உங்களால் இயலும்.